அவதூறை அகற்றுவோம், விமர்சன உரிமையைக் காப்போம்

(இணையவழி அவதூறும் சட்ட வழிகளும் என்ற பொருளில், தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களிடையே 2025 அக்டோபரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இணையத்தில் வரும் அவதூறுகள் குறித்து இரண்டு வகையான கேள்விகள் நம்மிடம் வருகின்றன. “நமது சங்கத் தலைவர் நிர்வாகத்திடம் பணம் வாங்கிவிட்டார் என்று பொய்யாக ஒரு காணொலி சுற்றுகிறது, அதை எப்படி அகற்றுவது?” என்பது முதல் கேள்வி. “ஒரு பெருநிறுவனத்தின் முறைகேட்டைப் பற்றி எழுதினோம், அதை நீக்கச் சொல்லி வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது?” என்பது இரண்டாவது கேள்வி. முதல் தோழர் சட்டம் விரைந்து செயல்பட வேண்டும் என்று விரும்புகிறார். இரண்டாவது தோழர் சட்டம் அவசரப்படக் கூடாது என்று விரும்புகிறார். ஆனால் இருவருக்கும் பொருந்துவது ஒரே சட்டம்தான்.

ஆகவே இந்தப் பிரச்சனையில் நமக்கு ஒரு தெளிவான நிலைபாடு தேவை. ஒரு பதிவை நீக்கும் அதிகாரம் என்பது, எதிர்த் தரப்பைக் கேட்டு, காரணங்களை எழுதி, நீதிமன்றம் பயன்படுத்த வேண்டிய அதிகாரமாகும். இந்த நெறியை எவருக்காகவும், நமக்காகவும்கூட, தளர்த்தக் கூடாது. அதே வேளையில், பொய்யால் தாக்கப்படும் எளிய மனிதரின் நற்பெயரைக் காக்கச் சட்டத்தில் இருக்கும் வழிகள் அனைத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ரோகிணி நீதிமன்றம் தரும் பாடம்

இதே தில்லியின் ரோகிணி நீதிமன்றத்தில் சென்ற மாதம் நடந்ததை முதலில் பார்ப்போம். அதானி எண்டர்பிரைசஸ் நிறுவனம், பரஞ்சோய் குஹா தாகுர்தா உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மீதும், சில வலைத்தளங்கள் மீதும், பெயர் தெரியாத நபர்கள் மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தது. செப்டம்பர் 6 அன்று மூத்த உரிமையியல் நீதிபதி, எதிர்வாதிகளைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். அவதூறானவை எனப்படும் கட்டுரைகளையும் பதிவுகளையும் ஐந்து நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்பது உத்தரவு. செப்டம்பர் 16 அன்று ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு, 138 யூடியூப் இணைப்புகளையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் நீக்குமாறு ஆணை அனுப்பியது. வழக்கில் பெயர் குறிப்பிடப்படாத நியூஸ்லாண்ட்ரி, ரவீஷ் குமார் ஆகியோருக்கும் அந்த ஆணை சென்றது. ஒரு தனியார் நிறுவனம் தனக்காகத் தொடுத்த உரிமையியல் வழக்கில், ஒன்றிய அமைச்சகமே நீதிமன்ற அமீனாவைப் போல வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டியது.

செப்டம்பர் 18 அன்று நிலைமை மாறியது. ரவி நாயர் உள்ளிட்ட நான்கு பத்திரிகையாளர்கள் செய்த மேல்முறையீட்டில், மாவட்ட நீதிபதி ஆஷிஷ் அகர்வால் அவர்களைப் பொறுத்தவரை அந்த உத்தரவை ரத்து செய்தார். நீண்ட காலமாகப் பொதுவெளியில் இருந்த கட்டுரைகளை, எழுதியவர்களைக் கேட்காமலேயே அவதூறு என்று முடிவு செய்தது தவறு என்று அவர் கூறினார். நீக்கப்பட்டவை அவதூறல்ல என்று பின்னர் தெரியவந்தால், அவற்றை மீண்டும் கொண்டுவருவது இயலாது என்பதையும் சுட்டிக்காட்டினார்.

தோழர்களே, ஓர் அங்கன்வாடி ஊழியரைப் பற்றியோ, ஓர் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றியோ பொய் பரப்பப்பட்டால் இதே வேகத்தில் உத்தரவு கிடைக்குமா? எந்த அமைச்சகமாவது அவருக்காக இணைப்புகளை எண்ணிப் பட்டியல் போடுமா? சட்டத்தின் எழுத்து அனைவருக்கும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் பலம்தான் வர்க்கத்திற்கு வர்க்கம் மாறுகிறது.

எது அவதூறு?

ஒருவரது நற்பெயருக்குத் தீங்கு விளைவிக்கும் பொய்யான கூற்றைப் பிறர் அறியும்படி வெளியிடுவதே அவதூறு. இதற்கு இரண்டு வழிகளில் தீர்வு தேடலாம். உரிமையியல் வழக்கில் நட்டஈடும் தடையாணையும் கோரலாம். குற்றவியல் வழக்கில் தண்டனை கோரலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை.

உண்மையைச் சொல்வது, உரிமையியல் வழக்கில் முழுமையான எதிர்வாதம் ஆகும். குற்றவியல் வழக்கில் அது பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். அரசு ஊழியரின் பொதுக் கடமை பற்றி நல்லெண்ணத்துடன் கூறும் கருத்து விதிவிலக்கில் அடங்கும். நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவுபடுத்தியது. அரசோ, உள்ளாட்சி அமைப்புகளோ அவதூறுக்காக நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. அரசு அதிகாரிகளும், தங்கள் அலுவல் தொடர்பான விமர்சனத்திற்காக, அது உண்மையைப் பொருட்படுத்தாமல் பொறுப்பின்றி வெளியிடப்பட்டது என்று நிறுவினாலன்றி நட்டஈடு பெற முடியாது. தமிழ் மண்ணில் எழுந்த ஒரு வழக்கு நாடு முழுமைக்கும் தந்த பாதுகாப்பு இது.

ஆகவே முதலில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நம்மைப் பற்றி வந்திருப்பது பொய்யான தகவலா, அல்லது நமக்குப் பிடிக்காத கருத்தா? கட்சியின் கொள்கையைத் தாக்கி வரும் பதிவுக்கு மேடையிலும் பத்திரிகையிலும் பதில் சொல்ல வேண்டும். ஒரு தோழரைத் திருடர் என்று பொய்யாகக் கூறும் பதிவுக்குச் சட்டத்தில் பதில் தேடலாம்.

அகற்றும் வழிகள்

முதலாவதாக, சான்றுகளைப் பாதுகாக்க வேண்டும். அவதூறைக் கண்டதும் ஆத்திரத்தில் புகார் செய்து, பதிவு மறைந்துபோன பிறகு ஆதாரம் தேடும் நிலை பல முறை ஏற்படுகிறது. பதிவின் முழு இணைய முகவரி, வெளியிட்ட கணக்கு, நாள், நேரம், எத்தனை பேர் பகிர்ந்துள்ளனர் என்பவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். காணொலியாயின் அதைப் பதிவிறக்கி வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் இவை ஏற்கப்படுவதற்கு, பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் அவசியம். பதிவை எடுத்த கைப்பேசியையும் கணினியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவதாக, சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யலாம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, உரிய காலத்திற்குள் தீர்வு காண வேண்டும். முடிவு திருப்தியளிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். ஆனால் இந்த வழியின் எல்லையையும் அறிய வேண்டும். விதிகள் தடை செய்யும் உள்ளடக்கங்களின் பட்டியலில் இருந்த ‘அவதூறு’ என்ற சொல்லே 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு கூற்று அவதூறா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எனவே வெறுமனே ‘இது அவதூறு’ என்று எழுதினால் நிறுவனம் கைவிரித்துவிடும். போலிக் கணக்கு, ஆள்மாறாட்டம், திருத்தப்பட்ட படம், தனியுரிமை மீறல் ஆகியவற்றில் எது பொருந்துகிறதோ அதைக் குறிப்பிட்டுப் புகார் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, பதிவிட்டவருக்கு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். எந்த வாக்கியம் பொய், உண்மை என்ன, எத்தனை நாட்களுக்குள் நீக்கி மறுப்பு வெளியிட வேண்டும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பகையால் எழும் பதிவுகள் பல, நோட்டீஸ் கட்டத்திலேயே நீக்கப்படுவதுண்டு.

நான்காவதாக, உரிமையியல் வழக்கு. பதிவிட்டவரையும் சமூக ஊடக நிறுவனத்தையும் எதிர்வாதிகளாகச் சேர்த்து, நீக்கும்படியும், மீண்டும் வெளியிடாமல் தடுக்கும்படியும் கோரலாம். பதிவிட்டவர் யார் என்று தெரியாவிட்டாலும் வழக்குத் தொடுக்கலாம். தில்லியில் இத்தகைய உத்தரவுகளை ‘அசோக் குமார் உத்தரவு’ என்று அழைப்பார்கள். கணக்கின் அடிப்படை விவரங்களைத் தருமாறு நிறுவனத்திற்கு உத்தரவிடவும் கோரலாம். நீக்க வேண்டிய ஒவ்வொரு பதிவின் இணைய முகவரியையும் தனித்தனியே தர வேண்டும். எதிர்வாதி வசிக்கும் இடத்திலோ, தீங்கு நேர்ந்த இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது.

இங்கே காலவரம்பு முக்கியமானது. அவதூறுக்கு நட்டஈடு கோரும் வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். பதிவு இணையத்தில் நீடித்திருப்பதால் நாள்தோறும் புதிதாக உரிமை பிறக்கிறது என்ற வாதத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2013-இல், ஒரு முகநூல் பதிவு தொடர்பான வழக்கில் ஏற்கவில்லை. முதலில் வெளியான நாளிலிருந்தே ஓராண்டு கணக்கிடப்படும். புதிதாக மறுவெளியீடு செய்தால் மட்டுமே கணக்கு மாறும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட இடமில்லை.

ஐந்தாவதாக, குற்றவியல் புகார். அவதூறுக்குக் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் அளிக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவின்படி, எதிர்த் தரப்புக்கு வாய்ப்பளித்த பிறகே நடுவர் அதை விசாரணைக்கு ஏற்க முடியும். ஆனால் தண்டனை வாங்கித் தரும் இந்த வழி, பதிவை நீக்கித் தரும் வழியல்ல. அது எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு மேதா பட்கர் மீதான வழக்கே சான்று. 2000 நவம்பரில் வெளியான ஒரு பத்திரிகைக் குறிப்புக்காக வி.கே. சக்சேனா தொடுத்த வழக்கு, தில்லி சாகேத் நீதிமன்றத்தில் 2024-இல் தண்டனையாகி, இவ்வாண்டு ஆகஸ்டில்தான் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. வழக்குத் தொடுத்தவர் அதற்குள் தில்லியின் துணைநிலை ஆளுநராகிவிட்டார். கால் நூற்றாண்டு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க வைப்பதே இங்கு தண்டனை.

ஆகவே அவதூறைக் குற்றமாகக் கருதும் சட்டமே ஒழிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 2016-இல் உச்சநீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லும் என்றது. எனினும் சென்ற செப்டம்பர் 22 அன்று, தி வயர் இணைய இதழ் தொடர்பான வழக்கில், இதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் காலம் வந்துவிட்டது என்று நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் கருத்துத் தெரிவித்தார். அண்டை நாடான இலங்கை 2002-லேயே குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்கியது.

பெண்களும் தலித்துகளும் தாக்கப்படும்போது

பொதுவாழ்வுக்கு வரும் பெண்களைப் பற்றிய பாலியல் அவதூறும், திருத்தப்பட்ட படங்களும் வெறும் நற்பெயர்ப் பிரச்சனை அல்ல. அவர்களை வீட்டுக்குள் திருப்பி அனுப்பும் முயற்சியாகும். இங்கே சட்டம் விரைவான வழியைத் தந்துள்ளது. அந்தரங்கப் படங்கள், திருத்தப்பட்ட படங்கள், மின்னணு ஆள்மாறாட்டம் ஆகியவை பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால், நிறுவனம் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஒரு பெண்ணின் படங்கள் அனுமதியின்றி ஆபாசத் தளங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2021 ஏப்ரலில் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. இவை காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் காணொலிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது.

அவதூறுச் சட்டமே பெண்களுக்கு எதிரான ஆயுதமாவதும் உண்டு. பாலியல் துன்புறுத்தலை வெளியே சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் ஒன்றிய அமைச்சர் எம்.ஜே. அக்பர் குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுவித்தது. பெண்ணின் கண்ணியத்தைப் பலியிட்டு ஒருவரது நற்பெயரைக் காக்க முடியாது என்று அது உரைத்தது.

உத்தரவு நமக்கு எதிராக வந்தால்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நோட்டீஸ் வந்தவுடன் பயந்து பதிவை நீக்குவதும் தவறு. அலட்சியம் செய்வதும் தவறு. எழுதியதற்கான ஆவணங்களைத் திரட்டி வழக்கறிஞரிடம் தர வேண்டும். தவறிருந்தால் தயங்காமல் திருத்த வேண்டும். தவறில்லையெனில் உறுதியாக நிற்க வேண்டும்.

எதிர்த் தரப்பைக் கேட்காமல் தடையாணை வந்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது ஆணை, 4-ஆவது விதியின்படி அதை ரத்து செய்யுமாறு அதே நீதிமன்றத்தில் மனு செய்யலாம், மேல்முறையீடும் செய்யலாம். கேட்காமல் உத்தரவிடுவதற்கான காரணத்தை நீதிபதி எழுதியாக வேண்டும் என்கிறது 3-ஆவது விதி. 30 நாட்களுக்குள் அந்தத் தடையாணை மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது அடுத்த விதி. உத்தரவு நடப்பில் இருக்கும் வரை அதை மீறக் கூடாது. மீறினால் நமது நியாயம் பின்னுக்குப் போய், மீறலே வழக்காகிவிடும்.

இந்தப் போராட்டத்தில் நமக்கு உறுதுணையாக இருப்பது 2024 மார்ச் 22 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. ஜீ நிறுவனம் பற்றிய ப்ளூம்பெர்க் கட்டுரையை நீக்கச் சொன்ன தில்லி நீதிமன்ற உத்தரவை அது ரத்து செய்தது. விசாரணைக்கு முன்பே தடை விதிப்பது அந்த எழுத்துக்கு மரண தண்டனை போன்றது. உள்நோக்கம் கொண்டதாகவோ அப்பட்டமான பொய்யாகவோ இருப்பதை நிறுவாமல் தடை கூடாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு கூறியது. பொருளாதார பலமிக்கவர்கள் வழக்குகளைக் கொண்டு பொதுவிவாதத்தை முடக்குவது பற்றியும் எச்சரித்தது. இருந்தும் அடுத்த ஆண்டே ரோகிணியில் அதே நிலை ஏற்பட்டது என்றால், தீர்ப்பு மட்டும் போதாது, அதை எடுத்துக்காட்டி வாதாடும் வழக்கறிஞர்களும், அவர்களுக்குப் பின்னால் திரண்டு நிற்கும் மக்களும் வேண்டும் என்பது தெளிவாகிறது.

காவல்துறையிடம் தரக் கூடாத அதிகாரம்

அவதூறு பெருகும்போது, ‘காவல்துறைக்கு அதிகாரம் கொடுங்கள்’ என்ற குரல் எழுவது இயல்பு. அதன் விளைவை நாம் கண்டிருக்கிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவைக் கொண்டு, 2012-இல் மம்தா பானர்ஜியைப் பற்றிய கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்த பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். அதே ஆண்டில், மும்பை கடையடைப்பு பற்றி முகநூலில் எழுதிய இரு இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. நீதிமன்ற உத்தரவோ, சட்டப்படியான அரசு அறிவிக்கையோ வந்தால் மட்டுமே சமூக ஊடக நிறுவனம் நீக்கக் கடமைப்பட்டது என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.

இந்த வரம்பைத் தகர்க்கத்தான் மோடி அரசு முயல்கிறது. அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்பதை அரசே முடிவு செய்யும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை 2023-இல் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்துறை அமைச்சகத்தின் ‘சஹ்யோக்’ தளம் வழியாக அதிகாரிகளே நீக்க ஆணைகளை அனுப்புகின்றனர். அதை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர்நீதிமன்றம் சென்ற செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

இதில் இடதுசாரிகளுக்கும் ஒரு சுயவிமர்சனப் பாடம் உண்டு. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, பெண்கள் மீதான இணையத் தாக்குதலைத் தடுக்கும் நோக்கில், 2020 நவம்பரில் காவல்துறைச் சட்டத்தில் 118-ஏ என்ற பிரிவை அவசரச் சட்டம் வழியாகச் சேர்த்தது. நற்பெயரைக் கெடுக்கும் பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. நோக்கம் நல்லதாயினும், விமர்சகர்களுக்கு எதிராக எந்தக் காவல் அதிகாரியும் அதைப் பயன்படுத்த முடியும் என்ற எதிர்ப்பு முன்னணிக்கு உள்ளேயும் வெளியேயும் எழுந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரி. ஆட்சியில் இருக்கும்போதும் இல்லாதபோதும் நமது அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நமது ஒழுங்கு

கடைசியாக, நம் கைப்பேசிகளைப் பற்றி. ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்ற பதில் சட்டத்தில் நிற்காது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-இல் பகிர்ந்த பாஜகவைச் சேர்ந்த எஸ்.வி. சேகர் இதைத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்டும், பதிவை நீக்கியும் பயனில்லை. வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்குப் பொறுப்பேற்றே தீர வேண்டும் என்ற பொருளில் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் அவரது மனுவைத் தள்ளியது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவதூறான பதிவை மறுபகிர்வு செய்வதும் வெளியிடுவதே என்று தில்லி உயர்நீதிமன்றமும் அதே மாதத்தில் கூறியது. எதிரிக்குப் பொருந்தும் இந்த நெறி நமக்கும் பொருந்தும். சரிபார்க்காத செய்தியை நம் குழுக்களில் பகிர்வது, எதிரியின் கையில் வழக்கை எழுதிக் கொடுப்பதாகும்.

ஆகவே, தோழர்களே, ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஒரு வழக்கறிஞரையும், இணையச் சான்றுகளைச் சேகரிக்கத் தெரிந்த ஒரு தோழரையும் இப்பணிக்குப் பொறுப்பாக்க வேண்டும். அவதூறுக்கு உள்ளான தோழர் தனியே நீதிமன்றத்தில் நிற்க நேரிடக் கூடாது. எழுதியதற்காக வழக்கைச் சந்திக்கும் பத்திரிகையாளர், நம் கட்சியைச் சேராதவராயினும், அவர் பக்கம் நாம் நிற்க வேண்டும். கேட்காமல் நீக்காதே என்ற கோரிக்கையை ரோகிணியில் எழுப்பிய நாம், நம்மை விமர்சிப்பவர்களுக்கும் அதே உரிமையை வழங்குவோம். பொய்யை உண்மையால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. அந்த உண்மையைப் பேசுவதற்கான வெளியைப் பாதுகாப்பதே இன்று நம்முன் உள்ள கடமை.